தறிக்கூடத்துத் தலையாட்டல்

அந்தத் தெருவில் யாரும் பேசமாட்டார்கள், கத்துவார்கள். பள்ளியில் எழுத்தர் வேலை கிடைத்து, மில்லுக்குப் பின்புறம் குறைந்த வாடகைக்கு ஓர் அறையும் கிடைத்த முதல் நாள், பக்கத்து வீட்டில் கொலை விழப்போகிறது என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"உப்புப் போட்டியா?"

"போட்டாச்சு!"

"எவ்வளவு?"

"போட வேண்டிய அளவு!"

அவ்வளவுதான் தகராறு. அடுப்படியில் ஒருவர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து தலைமுடியிலிருந்து பஞ்சுத் தூசியை விரலால் எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "புதுசா வந்த தம்பியா? சாப்டீங்களா?" என்று கேட்டது தெருக்கோடி வரை போயிருக்கும். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அவர் கணவர் அண்ணன். இரண்டு வருஷம் அந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான் பாதி நாள் சாப்பிட்டேன்.

மில்லில் இருநூறு தறிகள். அவை ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் தோளில் ஓர் அடி. ஓடுகிற தறியின் பெல்ட் பக்கம் யார் கையாவது போனால் பளாரென்று ஓர் அறை; வாங்கியவர் கோபித்துக்கொள்ளமாட்டார், சாயங்காலம் டீ வாங்கிக் கொடுப்பார். பத்து வருஷம் நின்றால் காது முக்கால்வாசி போய்விடும். அக்கா பதினாறு வருஷமாக நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. மேஸ்திரி வந்து எதைச் சொன்னாலும் தலையாட்டுவது. என்ன சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டால் காது போன விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் தறியிலிருந்து எடுத்துத் தரை கூட்ட அனுப்பிவிடுவார்கள், கூலி பாதி. அதனால் முதலில் ஆட்டு, அப்புறம் பக்கத்துத் தறிக்காரியைப் பார்த்து என்னவென்று தெரிந்துகொள். மேஸ்திரி தெருவில் எதிரே வந்தால்கூட, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தவர். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். சமையல், துவைப்பு எல்லாம் அவர்தான். "நான் இப்ப குடும்பத் தலைவி தம்பி" என்பார். சத்தம் இல்லாமல் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான்.

அவர்களுக்கு ஒரே பெண், பன்னிரண்டு வயது. வீட்டில் பாப்பா. எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பள்ளியில் அவள் பெயர் டமாரம்.

பள்ளியில் ஒழுங்குப் பதிவேடு என்று கறுப்பு அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று இருந்தது. ஆசிரியர்கள் வந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். அவளுக்கு ஒரு முழுப் பக்கம் ஆகியிருந்தது. வகுப்பில் கூச்சலிட்டது. பக்கத்தில் இருந்த மாணவியைத் தோளில் அடித்தது. ஆசிரியை கண்டிக்கும்போது தலைகுனியாமல் முகத்தையே முறைத்துப் பார்த்தது. தெருவில் குடியிருந்தவன் என்பதால், அவற்றில் பாதி குற்றமே அல்ல என்று எனக்குத் தெரியும். அம்மாவோடு பேசிப் பழகிய பிள்ளை கத்தித்தான் பேசும், தட்டித்தான் கூப்பிடும், உதட்டைத்தான் பார்க்கும். தெரிந்தும், அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஆனால் மறு பாதி நிஜம். அவளுக்குக் கோபம் வரும். வந்தால் கண் மண் தெரியாது. ஒரு முறை கணக்கு டீச்சரின் மணிக்கட்டைக் கடித்திருக்கிறாள். இன்னொரு முறை தையல் அறை ஜன்னல் கண்ணாடியைச் செருப்பால் அடித்து உடைத்தாள். இந்த இரண்டுக்கும் சிவப்பு மையில் பதிவு. மூன்றாவது சிவப்பு வந்தால் பள்ளியில் வைத்துக்கொள்வதில்லை என்பது விதி.

அந்த மூன்றாவது, மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை வந்தது. வெளியே விளையாட முடியாததால் மதிய இடைவேளையில் பிள்ளைகள் வராந்தாவில் அடைந்து கிடந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் நன்றாக நடித்துக் காட்டுவாள். டமாரத்தைப் போல நடித்தாள். தோளில் அடித்தாள், கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். டமாரமும் சிரித்தாள். சிரித்ததை நானே என் மேஜையிலிருந்து பார்த்தேன். அப்புறம் அந்தப் பெண் தலையில் கொஞ்சம் காகிதத் துணுக்கைப் போட்டுக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து சத்தமில்லாமல் பேசி, எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் தலையை ஆட்டினாள். தன் அம்மாவை நடிக்கிறாள் என்று புரிய டமாரத்துக்கு ஒரு நொடி ஆயிற்று. அடுத்த நொடி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பறந்தது.

நடித்தவளுக்குப் புருவத்தில் நான்கு தையல். கண் தப்பியது விரலளவில்.

பள்ளியின் கடிதத்தை நானே கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாயார் நேரில் வர வேண்டும். அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு உப்பு ஜாடியின் அடியில் வைத்தார்.

"இவ்வளவு நல்ல தாள்ல எழுதியிருக்காங்க. கெட்ட சேதின்னா தாள் நல்லா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா தம்பி?"

"அண்ணே, நீங்களும் கூடப் போங்க."

"அவ்வளவு தூரம் நடந்தா முதுகு ரெண்டா ஒடஞ்சிரும். அவ போவா." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "வாடி இங்க, டிபன் பாக்ஸ் வீராங்கனை!"

அவள் வந்தாள். மெலிந்த பெண். முழங்கையில் பழைய சிராய்ப்பு. என்னைப் பார்க்கவில்லை.

"மாமா வந்திருக்காரு. என்ன செஞ்சேன்னு சொல்லு."

"அவருக்குத் தெரியும். அவர்தானே எழுதுறவரு!"

எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது. அக்கா ஷிப்டு முடிந்து வந்து, கடிதத்தை விளக்கருகே பிடித்து எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் மகளின் முதுகில் ஓர் அடி வைத்தார். அது கூப்பிடுகிற அடி அல்ல.

"எதுக்குடி எறிஞ்ச? அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கேட்டும், எத்தனை அடித்தும் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஒரே ஒரு தடவை. நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் சரியாக நடந்துகொண்ட சில நிமிஷங்களில் அதுவும் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அக்கா மில்லிலிருந்து அரை மணி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். தலையைத் துடைத்திருந்தார், காதோரத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. தலைமையாசிரியை எதிரே நாற்காலி இருந்தும் நின்றார். கையெழுத்து வாங்கும் தாளோடு நான் சுவரோரம் நின்றேன்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. அறுபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்ற பள்ளியைப் பதினோரு வருஷம் தனியாக இழுத்துக்கொண்டிருந்தவர். அன்று அவர் மருந்துக்கடைக்காரரோடு ஒரு மணி நேரம் பேசிக் களைத்திருந்தார். பதிவேட்டைப் புரட்டியபடி, அதைப் பார்த்தே பேசினார்.

"மூணாவது தடவை. என் கையில எதுவும் இல்ல. மாற்றுச் சான்றிதழ் தந்துடறோம். நீங்களா விருப்பப்பட்டு எடுத்துக்கிட்டதாப் போட்டா பிள்ளைக்கு நல்லது, வேற எங்கயாவது சேர்க்கலாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

அக்கா தலையாட்டினார்.

தலைமையாசிரியை நிமிர்ந்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மீண்டும் குனிந்தார். அக்கா அதற்கும் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். மேஸ்திரிக்குப் போடுகிற அதே தலையாட்டல். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை; தலைமையாசிரியை பேசும்போது குறுக்கே பேசும் வழக்கமும் அந்த அறையில் இல்லை. தாளை நீட்டினேன். மில்லில் நீட்டுகிற தாள்களைப் படிக்க நேரம் தரமாட்டார்கள். அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டு, எனக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, சங்கு ஊதுவதற்குள் மில்லுக்கு ஓடினார்.

சனிக்கிழமை முழுவதும் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"என்னதான் சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க, திட்டுனாங்க! கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க!"

"அவ்வளவுதானா?"

"பின்ன, மாலை போடுவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. தெரு முழுக்கத் துணி காய்ந்தது. அக்கா மகளின் பள்ளிச் சீருடையைத் துவைத்து, காயவைத்து, வாசலில் ஒரு பலகையைப் போட்டு இஸ்திரி தேய்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் நீவி, தண்ணீர் தெளித்து, மறுபடி தேய்த்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைத் தபாலில் அந்தத் தாள் மேலிடத்துக்குப் போகும். அதை உறையில் போட்டு ஒட்டி வைத்தவனும் நான்தான்.

போய் எதிரே உட்கார்ந்தேன். என் முகத்தில் வெயில் படும்படி உட்கார்ந்தால் அவருக்கு உதடு நன்றாகத் தெரியும்.

"அக்கா, அன்னிக்கு நீங்க போட்ட கையெழுத்து... பாப்பாவைப் பள்ளியை விட்டு எடுக்கறதுக்கு."

இஸ்திரிப் பெட்டி அசையவில்லை. துணி கருகும் வாசம் வந்த பிறகுதான் தூக்கினார்.

"யாரு எடுக்கறா?"

"நீங்க. நீங்களா விருப்பப்பட்டு எடுத்துக்கறதா எழுதியிருக்கு. சம்மதமான்னு கேட்டாங்க. நீங்க தலையாட்டுனீங்க."

அண்ணன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். பாப்பா தூரிகையைக் கீழே வைத்தாள். அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல.

"நீ அங்கதானே நின்ன?"

பழகிய நாளிலிருந்து முதல் தடவையாக என்னை நீ என்றார். கத்தவில்லை. அவரால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

"நின்னேன்."

"எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சோத்துல பங்கு வச்சேனே தம்பி."

அண்ணன்தான் பேசினார். "விடு. அவனை வையறதுல என்ன இருக்கு. நாளைக்குப் போய் நடந்ததைச் சொல்லு. எனக்குக் காது கேக்கல, புரியாம போட்டுட்டேன்னு சொல்லு."

"எங்க போய்ச் சொல்றது? மில் மேனேஜர்தானே பள்ளிக் கமிட்டித் தலைவரு! காது போச்சுன்னு அங்க சொன்னா, சாயங்காலம் என் கையில துடைப்பம் இருக்கும். பாதிக் கூலில மூணு வயிறு!"

"சொல்லலேன்னா?"

சொல்லாவிட்டால் என்ன என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்குப் போகாத பிள்ளையை மேஸ்திரி பன்னிரண்டு வயதில் நூல் சுற்ற எடுத்துக்கொள்வார். பதினைந்தில் தறி.

"நான் மில்லுக்கே போறேன்" என்றாள் பாப்பா. "எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேணாம்."

"வாயை மூடு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அக்கா கருகிய இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. மடிப்புக்குள் மறையும்படி மடித்து வைத்தார்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குத் தலைமையாசிரியை வந்தபோது, தாயும் மகளும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். அக்கா அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டிருந்தார். நான் தபால் பையை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். தலைமையாசிரியை உள்ளே போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"டீச்சரம்மா, முகத்தைக் காட்டிப் பேசுங்க!" என்றார் அக்கா. பக்கத்து வகுப்பு திடீரென்று அமைதியானது. அக்கா குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் காது கேக்காது. அன்னிக்கு நீங்க சொன்னது ஒண்ணுகூட விழல. மேஸ்திரிக்கு ஆட்டற மாதிரி ஆட்டிட்டேன்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "உண்மைதான் மேடம். எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மேஜைக்குப் பின்னால் போகவில்லை. ஜன்னல் பக்கமாக, வெளிச்சம் முகத்தில் விழ நின்றார்.

"உங்க பொண்ணு அந்தப் பிள்ளை கண்ணைக் குருடாக்கியிருப்பா. தெரியுமா?"

"தெரியும்."

"நாளைக்கு அந்தப் பிள்ளையோட அப்பா வந்து என் பிள்ளைக்கு இங்க என்ன பாதுகாப்புன்னு கேட்டா, நான் என்ன சொல்றது?"

"அவ செஞ்சது தப்பு. தண்டனை குடுங்க. முட்டி போட வைங்க, தரை கழுவ வைங்க, நான் வந்து கேக்க மாட்டேன். வெளிய மட்டும் அனுப்பாதீங்க. வெளிய அனுப்புனா தண்டனை இல்லம்மா அது. அடுத்த வாரமே கையில காசு வரும், இவளுக்கு அது பரிசு. என்ன செஞ்சோம்னே மறந்துருவா."

வெளியே பிரார்த்தனைக்கு மணி அடித்தது. தலைமையாசிரியை அசையவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் அவர் மணிக்குப் போகாமல் நின்றது அந்த ஒரு நாள்தான்.

"எதுக்கு எறிஞ்சே?" என்று பாப்பாவிடம் கேட்டார்.

அவள் அம்மாவின் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், உதடு தெரியாமல். மெல்லிய குரலில் சொன்னாள்: "எங்கம்மா மாதிரி நடிச்சா."

"என்ன சொல்றா?" என்றார் அக்கா. "என்ன சொன்னா தம்பி?"

தலைமையாசிரியை எனக்கு முன்பே பதில் சொன்னார். "தப்புத்தான்னு சொல்றா."

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிழிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டார். "அரையாண்டு வரைக்கும் பார்ப்பேன். தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் இந்த அறையில என் எதிர்ல உட்காரணும். காது விஷயம் இந்தக் கதவைத் தாண்டாது." என்னைப் பார்த்து, "தாண்டாதில்ல?" என்றார். நான் தலையாட்டப்போய், நிறுத்தி, "தாண்டாது மேடம்" என்று வாயால் சொன்னேன்.

மருந்துக்கடைக்காரர் சும்மா விடவில்லை. இரண்டு முறை வந்து கத்தினார். கமிட்டிக்கு எழுதினார். தலைமையாசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் பதில் எழுதினார், நான் தட்டச்சு செய்தேன். பாப்பாவும் ஒரே நாளில் ஆட்டுக்குட்டி ஆகிவிடவில்லை. இரண்டாவது வாரமே ஒரு பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாள். பதிவேட்டில் எழுத நான் சிவப்புப் பேனாவை எடுத்தபோது, தலைமையாசிரியை பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா என்னோடு பேசினார். சாப்பாடும் வந்தது. ஆனால் 'நீங்க' என்பதற்கு அவர் திரும்பவில்லை, நீ என்றே இருந்துவிட்டது. அது கோபத்தில் நின்றதா, உரிமையில் நின்றதா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. இப்போது நான் இருக்கும் வீட்டில் எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். சில நேரம் யாராவது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்புப் போட்டாயா என்று கத்தமாட்டார்களா என்று இருக்கிறது.

பள்ளி விட்டதும் பாப்பா உட்கார வேண்டிய அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பள்ளியின் பூட்டுச் சாவி என்னிடம். முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே தலைமையாசிரியை விடைத்தாள் திருத்துவார். அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். படி என்று சொல்வதில்லை, புத்திமதி இல்லை. தாள் புரளும் சத்தம், கூரையில் தூறல், தூரத்தில் தறி. முதல் வாரம் அவள் மேஜையை நகத்தால் சுரண்டினாள். இரண்டாவது வாரம் தூங்கினாள். மூன்றாவது வாரம் எதையோ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

நான்காவது வாரத்தில் ஒரு மாலை, மணி ஐந்தாகப் போகும்போது, அவள் குரல் கேட்டது. கத்தல் இல்லை.

"அந்தப் பிள்ளைக்குத் தழும்பு இருக்குமா?"

தலைமையாசிரியை பேனாவை வைக்கும் சத்தம்.

"இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

நான் சாவியைக் கையில் எடுத்திருந்தேன். இல்லை, சின்ன வயசு, மறைஞ்சிடும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"எப்பவும் இருக்கும்."

பிறகு ஓர் அழுகை தொடங்கியது, அந்தத் தெருப் பிள்ளை அழுகிற அழுகை, முழுத் தொண்டையில், இருநூறு தறிக்கு மேல் கேட்கும்படி. தலைமையாசிரியை அதை நிறுத்தச் சொல்லவில்லை. மணி ஐந்து ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. நான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.